இரண்டு முறை தட்டினால் எது திறக்க வேண்டும்?

ஒரு வாசகர் குழுவின் உறுப்பினர் பட்டியலைச் சில காலம் நான் பார்த்துக்கொண்டேன். பெயர், உறுப்பினர் எண், தொலைபேசி, சந்தா கட்டியதற்கான பரிவர்த்தனை எண் என்று நான்கே நெடுவரிசை கொண்ட சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் உரைக் கோப்பு அது. உறுப்பினர் எண் எல்லாம் நான்கு இலக்கம். முதல் உறுப்பினர் 0001, நாற்பத்திரண்டாவது ஆள் 0042. பரிவர்த்தனை எண்கள் 16 இலக்கம்.

ஒரு நாள் ஒருவருடைய எண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்கு மட்டும்தான், வேறு எதற்கும் இல்லை. கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினேன். விரிதாள் மென்பொருள் திறந்தது. தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், தலைமேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ'-க்களும் வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்'-களும் வரிசையாக நின்றன. பட்டியலே போய்விட்டதோ என்று பதறி ஒரு நெடுவரிசையை அகலப்படுத்திப் பார்த்தேன். அப்படியும் படிக்க முடியவில்லை. மூடினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. நான் எதையும் மாற்றவில்லையே என்ற நினைப்பில் 'ஆம்' என்று அழுத்திவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து என்னோடு அந்த வேலையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் கூப்பிட்டார். "எண் எல்லாம் மாறியிருக்கே, நீங்க ஏதாவது திருத்தினீங்களா?" என்றார். இல்லை என்றேன். கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். என்னைப் பதற வைத்த தமிழ்ப் பெயர்கள் ஒன்றுகூடக் கெடாமல் அப்படியே இருந்தன. ஆனால் 0042 வெறும் 42 ஆகியிருந்தது. பரிவர்த்தனை எண்களோ எல்லாமே நடுவில் ஒரு புள்ளியும் கடைசியில் 'இ பிளஸ் 15'-உம் போட்ட வடிவத்துக்குச் சுருங்கியிருந்தன. முன்னால் இருந்த சுழியங்களைத் திரும்பப் போட்டுவிடலாம். சுருங்கிய எண்ணிலிருந்து தொலைந்த இலக்கங்களை எங்கிருந்து கொண்டுவருவது?

பெயர்கள் கலங்கியதற்குக் காரணம் எளிது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பதிகிறது. அந்த மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டு திரையில் காட்டியது. பைட்டுகள் மாறாததால் பெயர்கள் பிழைத்தன. எண்கள் கதை வேறு. அவற்றை அது 'எண்' என்று புரிந்துகொண்டது. எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை, நீளமான எண்ணைச் சுருக்கித்தான் காட்டும், சேமிக்கும்போது காட்டியதைத்தான் எழுதும். அது தன் வேலையைத்தான் செய்தது. அந்த வேலைக்கு அதைக் கூப்பிட்டதுதான் தவறு. அதைக் கூப்பிட்டதும் நான் இல்லை. எப்போதோ அதை நிறுவியபோது, சிஎஸ்வி கோப்பு எல்லாம் இனி என்னுடையது என்று அது பதிந்துகொண்டது. அந்தப் பதிவை நான் ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கும் என்பதைப் பலரும் ரசனை சார்ந்த சங்கதியாக நினைக்கிறார்கள். இந்தப் பிளேயர் பிடிக்கும், அந்த ரீடர் பிடிக்காது என்கிற மாதிரி. அது அதைவிடப் பெரிய முடிவு. இரண்டு முறை தட்டும்போது நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பார்ப்பது. அதற்கு வந்து நிற்கும் செயலியோ பெரும்பாலும் மாற்றத் தெரிந்த செயலி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோப்புகள் கெடுகின்றன.

விண்டோஸ் இந்த முடிவை எப்படி எடுக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அது கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனை மட்டும் படிக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு வகைப்பெயர் இருக்கும். அந்த வகைப்பெயரின் கீழே, திறப்பதற்கு எந்த நிரலை இயக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. புகைப்படக் கோப்பின் பெயரை மாற்றிக் கடைசியில் 'டாட் டிஎக்ஸ்டி' என்று போட்டுவிட்டால், மறு பேச்சில்லாமல் நோட்பேடிடம் கொடுத்துவிடும். நோட்பேடும் புரியாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாகக் கொட்டும்.

மூன்று எழுத்து என்கிற வழக்கம் பழையது. 1970-களின் சிபி/எம் இயங்குதளத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 3 காலத்தில் எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த நிரல் என்பது 'வின் டாட் ஐஎன்ஐ' என்ற உரைக் கோப்பில் ஒரு வரியாக இருந்தது. விண்டோஸ் 95-இல் நீண்ட பெயர்கள் வந்தன. கூடவே, தெரிந்த வகைக் கோப்புகளின் எக்ஸ்டென்ஷனைத் திரையில் காட்டாமல் மறைக்கும் பழக்கமும் வந்தது. எந்த எழுத்துகளை வைத்து முடிவெடுக்கிறதோ, அதே எழுத்துகளை நம் கண்ணில் படாமல் வைத்துவிட்டது. இன்று வரை புதிய விண்டோஸ் கணினியில் அது மறைந்தேதான் இருக்கிறது. இந்த ஒரு முடிவு மட்டும் எனக்கு ஒருநாளும் சமாதானமாகவில்லை.

ஏன் சமாதானமாகவில்லை என்றால், 2000 மே மாதம் நடந்ததுதான் காரணம். 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகமெங்கும் போனது. இணைப்பாக இருந்த கோப்பின் பெயர் 'லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்'. கடைசியில் இருந்த விபிஎஸ் மறைந்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது சாதாரண டிஎக்ஸ்டி கோப்பாகத் தெரிந்தது. கடிதம் என்று நினைத்து இரண்டு முறை தட்டினார்கள். விபிஎஸ் என்பது கணினிக்கான கட்டளைகளை எழுதிய ஸ்கிரிப்ட் வகை. அதற்கு விண்டோஸ் வைத்திருந்த இயல்பான செயலி, அதாவது தட்டினால் தானாக வரும் டீஃபால்ட் செயலி, அதைப் படித்துக் காட்டுவது அல்ல, அதில் எழுதியிருப்பதைச் செய்துமுடிப்பது. ஸ்கிரிப்ட் ஓடியது. படக் கோப்புகளை அழித்து எழுதியது. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது.

அந்த விபிஎஸ் வகைக்கு நோட்பேட் இயல்பான செயலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தட்டியவர் முன்னால் புரியாத நிரல் வரிகள் கொஞ்சம் விரிந்திருக்கும். அவர் மூடிவிட்டுப் போயிருப்பார். விபிஎஸ், ஜேஎஸ், ஹெச்டிஏ, டபிள்யூஎஸ்எஃப் மாதிரியான ஸ்கிரிப்ட் வகைகளை நோட்பேடில் திறக்கும்படி மாற்றி வையுங்கள் என்று பாதுகாப்பு நிபுணர்கள் சொல்வது இதனால்தான். செலவில்லாத, ஐந்து நிமிடத்தில் முடிகிற பாதுகாப்பு. வீட்டில் யாருக்காவது கணினியை அமைத்துக் கொடுக்கும்போது நான் முதலில் செய்வது இரண்டு வேலை: எக்ஸ்டென்ஷன் தெரியும்படி மாற்றுவது, ஸ்கிரிப்ட் வகைகளை நோட்பேடுக்குத் திருப்புவது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பு வகைக்கு ஒரே ஒரு செயல்தான் என்று இல்லை. 'ஓப்பன்', 'எடிட்', 'பிரிண்ட்' என்று தனித்தனி வினைகளைப் பதிந்து வைக்க இடம் இருக்கிறது. கட்டளைகளை வரிசையாக எழுதிய பேட்ச் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் என்றால் அது ஓடும். வலது கிளிக் செய்து எடிட் என்றால் நோட்பேடில் விரியும். பார்ப்பது வேறு, திருத்துவது வேறு, இயக்குவது வேறு என்று இதை வடிவமைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்புறம் எப்படியோ, நாம் தினமும் தொடும் ஆவணங்களிலும் அட்டவணைகளிலும் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. வேர்ட் ஆவணமான டாக்எக்ஸ் கோப்பைத் தட்டினால் எழுத்தைத் திருத்தும் செயலியே வருகிறது. கர்சர் நடுப்பக்கத்தில் மின்னுகிறது, பூனை விசைப்பலகையின் மேல் நடந்தாலும் ஆவணம் மாறும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில், இணையத்திலிருந்து வந்த கோப்புகளைப் படிக்க மட்டும் திறக்கும் 'புரொடெக்டட் வியூ' வந்தது. மஞ்சள் பட்டை ஒன்று மேலே நிற்குமே, அதுதான். பலர் அதைத் தொல்லையாக நினைத்து உடனே 'எடிட்டிங்' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். படிக்கத்தான் திறந்தீர்கள் என்றால் அதை அழுத்த வேண்டாம், அப்படியே படிக்கலாம்.

மேக் கணினி வேறு வழியில் தொடங்கியது. 1984-இல் வந்த முதல் மேக்கில் எக்ஸ்டென்ஷனே தேவைப்படவில்லை. ஒவ்வொரு கோப்போடும் நான்கெழுத்துக் குறியீடுகள் இரண்டு ஒட்டியிருக்கும். ஒன்று கோப்பின் வகையைச் சொல்லும், இன்னொன்று அதை உருவாக்கிய செயலியைச் சொல்லும். பெயரை எப்படி மாற்றினாலும் அவை மாறாது. ஒரே வகையான இரண்டு கோப்புகளில் ஒன்றை ஒரு செயலியிலும் மற்றதை வேறு செயலியிலும் உருவாக்கியிருந்தால், ஒவ்வொன்றும் தன்னை உருவாக்கிய செயலியிலேயே திறக்கும். கோப்பைத் தனித்தனி ஆளாக நினைத்த அமைப்பு அது. ஆனால் மின்னஞ்சலும் இணையமும் பெருகியபோது, மேக் அல்லாத கணினிகளின் வழியாகப் போய்வந்த கோப்புகளில் இந்தக் குறியீடுகள் உதிர்ந்துபோயின. மேக் ஓஎஸ் எக்ஸ் எக்ஸ்டென்ஷன் பக்கம் சாய்ந்தது. 2009-இல் வந்த ஸ்னோ லெபர்ட் என்ற பதிப்பில், உருவாக்கிய செயலியின் குறியீட்டைப் பார்த்துத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். பழைய மேக் பயனர்கள் பலர் அதற்காக வருத்தப்பட்டார்கள், அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது.

அந்தப் பழைய எண்ணத்தின் ஒரு துளி இன்னும் மேக்கில் இருக்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்டும் 'ஐ'-யும் சேர்த்து அழுத்தினால் 'கெட் இன்ஃபோ' பெட்டி வரும். அதில் 'ஓப்பன் வித்' என்ற இடத்தில் செயலியை மாற்றி, 'சேஞ்ச் ஆல்' அழுத்தினால் அந்த வகைக் கோப்பு எல்லாமே மாறும். சேஞ்ச் ஆல் அழுத்தாமல் விட்டால் அந்த ஒரே ஒரு கோப்பு மட்டும் புதிய செயலியில் திறக்கும். விண்டோஸில் இந்த ஒற்றைக் கோப்பு வசதி கிடையாது, வகை மாறினால் வகை முழுக்க மாறும். நான் மேக்கில் இருக்கும்போது இந்த வசதியை அடிக்கடி பயன்படுத்துகிறேன். பிடிஎஃப் எல்லாம் மேக்கோடு வரும் பிரிவ்யூவில் திறக்கட்டும், குறிப்பெழுதிக்கொண்டே படிக்கும் ஒரு பெரிய புத்தகம் மட்டும் வேறு ரீடரில் திறக்கட்டும் என்று.

லினக்ஸ் மூன்றாவது வழி. அங்கே எக்ஸ்டென்ஷனும் பார்ப்பார்கள், அது இல்லையென்றால் கோப்பின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலான கோப்பு வகைகள் தங்கள் முதல் சில பைட்டுகளில் ஒரு கையெழுத்து வைத்திருக்கின்றன. இதற்கு மேஜிக் நம்பர் என்று பெயர். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடும் அதையடுத்து பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்து 'பிகே'. அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. டாக்எக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தாலும் முதலில் அதே பிகே நிற்கும், ஏனென்றால் டாக்எக்ஸ் என்பதே உள்ளே பல கோப்புகளை அடைத்த ஒரு ஜிப்தான். லினக்ஸில் ஒரு படத்தின் எக்ஸ்டென்ஷனை முழுக்க நீக்கிவிட்டுத் தட்டிப் பாருங்கள், படமாகவே திறக்கும். எந்த வகைக்கு எந்தச் செயலி என்ற உங்கள் தேர்வுகளும் அங்கே 'மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்' என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கும். திறந்து படிக்கலாம், நகலெடுத்து அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம்.

எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்புவதில் இன்னொரு சங்கடம், ஒரே பெயரை இரண்டு வகைகள் பங்குபோட்டுக்கொள்வது. 'டிஎஸ்' என்று முடிந்தால் அது ஒளிபரப்பிலிருந்து பதிந்த வீடியோவாக இருக்கலாம், டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரலாகவும் இருக்கலாம். நிரல் எழுதும் நண்பர் ஒருவர் புதுக் கணினி வாங்கிய முதல் நாளில் தன் நிரலைத் தட்ட, வீடியோ பிளேயர் கறுப்புத் திரையோடு எழுந்து நின்றது. எந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் கணினியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லவில்லையென்றால் உங்கள் சார்பில் யாராவது சொல்லிவிடுவார்கள். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் கணினி வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மீடியா பிளேயரை நிறுவினால் பாட்டு, வீடியோ எல்லாம் அதன் அடையாளப் படத்துக்கு மாறும். அடுத்ததை நிறுவினால் எல்லாம் இதற்கு மாறும். முதலாவதைத் திறந்தால், நான் இப்போது உங்கள் இயல்பான பிளேயர் இல்லையே, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். ரெஜிஸ்ட்ரியில் எழுதத் தெரிந்த எந்த நிரலும் எதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடிந்த காலம் அது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. பயனர் தேர்ந்தெடுத்த செயலியின் பெயரோடு அதற்கென்று கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் சேர்த்து எழுதிவைக்கும். குறியீடு பொருந்தாவிட்டால் அந்த மாற்றம் செல்லாது. நல்ல எண்ணம்தான்.

ஆனால் பூட்டின் சாவி விண்டோஸ் கையில் இருந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, மேம்படுத்திக்கொண்ட பலருடைய பிரவுசர் தேர்வு மைக்ரோசாஃப்டின் எட்ஜுக்கு மாறியது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெல்லாவுக்கு அதைக் கண்டித்து வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 2021-இல் விண்டோஸ் 11 வெளியானபோது பிரவுசரை மாற்ற ஒரே பொத்தான் போதாது, ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல், ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்றானது. எதிர்ப்பு வந்த பிறகு 2022-இல் ஒரே பொத்தானைத் திரும்பக் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய நிறுவனங்கள் இந்தச் சின்ன அமைப்புக்காக ஏன் மல்லுக்கட்டுகின்றன? பெரும்பாலானோர் இதை மாற்றுவதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எது முதலில் இருக்கிறதோ அதுவே கடைசிவரை இருக்கும்.

என் பட்டியலுக்கு நேர்ந்தது ஏதோ கவனக்குறைவானவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். மரபணு ஆய்வாளர்கள் 'மார்ச்1', 'செப்ட்2' என்ற பெயருள்ள மரபணுக்களின் பட்டியலை எக்ஸெலில் திறந்தால், அவை தேதிகளாக மாறின. 2016-இல் 'ஜீனோம் பயாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் அமைப்பு எக்ஸெலில் 2023-இல்தான் வந்தது.

சரி, நான் இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரே விதிதான்: இரண்டு முறை தட்டினால் வருவது, கோப்புக்குக் குறைந்தபட்சத் தீங்கு செய்யக்கூடிய செயலியாக இருக்க வேண்டும். திருத்த வேண்டும் என்றால் வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்' வழியாகப் போவேன். ஒரு கிளிக் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு கிளிக் நேரத்தில், இதை நான் மாற்றத்தான் போகிறேன் என்று மனதும் தயாராகிவிடுகிறது.

அதனால் படங்கள் எல்லாம் லேசான ஒரு பட வியூவரில் திறக்கின்றன. படத்தைச் செதுக்கும் பெரிய மென்பொருள் ஒரு சின்னப் புகைப்படத்துக்காக அரை நிமிடம் விழித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மேக்கின் பிரிவ்யூவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: படத்தைத் திருப்பினால் அந்தத் திருப்பலையும் தானாகவே சேமித்துவிடும். மேக்கில் எட்டிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் எதையும் திறக்காமல், கோப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். குயிக் லுக் என்ற இந்த வசதி 2007-லிருந்து இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவினால் 'பீக்' என்ற பெயரில் இதே போன்ற ஒன்று கிடைக்கும். நான் இப்போது பாதிக் கோப்புகளைத் திறப்பதே இல்லை, எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். வீடியோவும் பாட்டும் விஎல்சியில். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, எதைக் கொடுத்தாலும் ஓட்டும்.

பிடிஎஃப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரவுசர்கள் எல்லாமே இப்போது பிடிஎஃப் திறக்கும், புது விண்டோஸ் கணினியில் அதுதான் இயல்பாக இருக்கும். படிக்க மட்டும் என்றால் நன்றாகவே இருக்கிறது. என் அத்தை ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்னடா இது, கொஞ்சம் பொறுங்கன்னு பத்து நிமிஷமா சொல்லிட்டே இருக்கு. நானும் பொறுத்துட்டே இருக்கேன்." படிவம் எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகை. அதைப் புரிந்துகொள்ளாத ரீடரில் திறந்தால் அந்தப் பொறுத்திருக்கச் சொல்லும் பக்கம் மட்டுமே தெரியும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அடுத்த பக்கம் வராது. அடோபி ரீடரில் திறந்ததும் படிவம் வந்தது. அத்தைக்குக் கோப்பு கெட்டுப்போனதாகவே நினைப்பு. கெட்டது எதுவும் இல்லை, தவறான வாசலில் நின்றார், அவ்வளவுதான். தனியாக ஒரு பிடிஎஃப் ரீடரை இயல்பாக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரவுசர் டேப்களை மூடும்போது, பாதி நிரப்பிய படிவமும் சேர்ந்து மூடிப்போகும் ஆபத்து குறைகிறது.

சிஎஸ்வி, ஜேசன், லாக் போன்ற உரைக் கோப்புகள் எல்லாம் நோட்பேட் மாதிரியான உரைத் தொகுப்பியில் திறக்கின்றன. அது உள்ளே இருக்கும் எழுத்தை எழுத்தாகவே காட்டும், எதையும் எண்ணென்றும் தேதியென்றும் ஊகிக்காது. அட்டவணையாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் லிப்ரே ஆஃபீஸின் கால்க் நல்லது. சிஎஸ்வியைத் திறக்கும் முன் ஒரு பெட்டியைக் காட்டி, எழுத்துமுறை என்ன, எந்த நெடுவரிசை என்ன வகை என்று கேட்கும். யுடிஎஃப்-8 என்று சொல்லி, எண் வரும் நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் 0042 அப்படியே இருக்கும், தமிழும் தமிழாகவே வரும். எக்ஸெலில் என்றால் கோப்பைத் தட்டாதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து 'டேட்டா' பட்டியலில் இருந்து 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, நெடுவரிசைகளை உரையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றும் வழியும் சுலபம்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போனால் மேலே ஒரு தேடல் கட்டம் இருக்கும். அதில் புள்ளியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷனைத் தட்டச்சு செய்தால், இப்போது யார் திறக்கிறார்கள் என்று காட்டும். அதன் மேல் தட்டி மாற்றலாம். அல்லது ஏதாவது ஒரு கோப்பை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போய் 'சேஞ்ச்' அழுத்தலாம். தெரியாத வகைக் கோப்பைத் தட்டும்போது எந்தச் செயலி என்று கேட்கும் பெட்டியில் 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று இரண்டு பொத்தான்கள் வரும். அவசரத்தில் இருக்கும்போது எப்போதும் ஜஸ்ட் ஒன்ஸ் அழுத்துங்கள். ஆல்வேஸ் என்பதை உட்கார்ந்து யோசித்து அழுத்த வேண்டும். நிரல்களின் குறுக்குவழிகளுக்கு மட்டும் எந்தச் செயலியையும் வைத்துவிட வேண்டாம். விண்டோஸ் 7 காலத்தில் நான் தெரியாமல் குறுக்குவழி வகையை நோட்பேடோடு சேர்த்துவிட்டேன். முகப்பில் இருந்த அத்தனை அடையாளப் படங்களும் நோட்பேட் படமாக மாறின, எதைத் தட்டினாலும் நோட்பேடே வந்தது. ரெஜிஸ்ட்ரியில் அந்தத் தேர்வை அழித்த பிறகுதான் கணினி பழைய நிலைக்கு வந்தது.

புதிதாக எதையாவது நிறுவும்போது, எந்தெந்த வகைக் கோப்புகளை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும் பக்கத்தை 'நெக்ஸ்ட்' அடித்துக் கடந்துவிடாமல் நின்று படிக்கிறேன். பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இரண்டும் சேர்த்து வருடத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்த உறுப்பினர் பட்டியல் கடைசியில் கிடைத்துவிட்டது. நான் கெடுத்ததற்கு மூன்று வாரம் முன்னால் நண்பருக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அந்த இணைப்பை இறக்கி, பிறகு சேர்ந்த சில பேரைக் கையால் சேர்த்தோம். அவருடைய கணினியிலும் சிஎஸ்வியை உரைத் தொகுப்பிக்கு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் கூப்பிட்டார்.

"என்னங்க, கட்டமெல்லாம் காணோம். வெறும் எழுத்தும் காற்புள்ளியுமா வருது."

"0042 எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தேடினார். "0042-ன்னுதான் இருக்கு."

"பேரு?"

வரியில் இருந்த பெயரைத் தமிழில் படித்துக் காட்டினார்.